கம்ப்யூட்டரில் ஓடும் சாக்கடை

கழிவுநீர்த் தொட்டிக்குள் நாளை என்ன நடக்கும் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியும். அதற்குத் தீனி போடத்தான் ஆளில்லை.

டெல்லியில் யமுனை நீரில் அமோனியா ஏறும்போதெல்லாம் வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. குழாயில் தண்ணீர் வராத காலையில் மக்கள் திட்டுவது குடிநீர் வாரியத்தை. கோளாறு இருப்பதோ ஆற்றில் வந்து கலக்கும் கழிவுநீரில்.

அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டிகளில் அவை வளரும். ஆனால் மகா சோம்பேறிகள். தொட்டியிலுள்ள மற்ற பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அடியில் தங்கும் கசடை அவசரப்பட்டு வெளியேற்றினால் இவையும் கூடவே போய்விடும். மீண்டும் பெருக வாரக்கணக்கில் ஆகலாம். காற்றைக் குறைத்தால் வேலைநிறுத்தம். கூட்டினால் மின் கட்டணம் எகிறும். இத்தகைய நிலையங்களின் மின்செலவில் பாதி அளவுக்குக் காற்றூட்டுவதற்கே போகிறது.

நிஜத் தொட்டியில் பரிசோதனை செய்து பார்த்தால் ஆறுதான் பாழாகும். கம்ப்யூட்டரில் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிமுகப்படுத்திய இந்தச் சுத்திகரிப்பு முறைக்கு 1987-ல்தான் பொதுவான ஒரு கணித வடிவம் கிடைத்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஹென்ஸே தலைமையிலான சர்வதேசக் குழு உருவாக்கிய 'ஏஎஸ்எம்-1' அது. தொட்டியில் 13 பொருள்கள். அவற்றுக்குள் 8 மாற்றங்கள். எது எவ்வளவு வேகத்தில் எதுவாக மாறும் என்பதே கணக்கு. தொட்டிக்குள் நீர் குறுக்குவழியில் ஓடி வெளியேறுகிறதா, எந்த மூலையில் அசையாமல் கிடக்கிறது என்று காட்டும் நீரோட்டக் கணக்கு தனி.

இந்தியாவுக்கு இது தேவையா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி நகரங்களின் கழிவுநீர் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர். கட்டி வைத்திருக்கும் நிலையங்களின் திறன் 3,184 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி. கட்டியதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். இருப்பதை ஒழுங்காக ஓட்டுவது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு. (டெண்டர் விடுவதற்குத்தான் அதில் வாய்ப்பில்லை.)

சிக்கல் வேறிடத்தில். இங்கே நிலையங்கள் வழக்கமாகப் பதிவு செய்வது 'பிஓடி' அளவை. 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து பார்க்கும் சோதனை. விடை வரும்போது அந்தத் தண்ணீர் ஆற்றில் எங்கேயோ போயிருக்கும். கம்ப்யூட்டர் கேட்பது 'சிஓடி'. அதையும் மொத்தமாகக் கொடுத்தால் போதாது: பாக்டீரியா உடனே தின்னக்கூடியது எவ்வளவு, மெதுவாகத் தின்னக்கூடியது எவ்வளவு, தொடவே தொடாதது எவ்வளவு என்று பிரித்துத் தர வேண்டும். 1987 கணக்கோடு வந்த மாதிரி எண்கள் 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் உரியவை. மே மாதத்து ஆக்ரா சாக்கடைக்கு அவற்றை அப்படியே போட்டால் விடை அழகாக வரும், தப்பாக வரும்.

சரியான எண்கள் வேண்டுமானால், காலையில் ஒரு பாட்டில் நிரப்பி லேபுக்கு அனுப்பினால் ஆகாது. கழிவுநீரின் குணம் மணிக்கு மணி மாறும். சில நாட்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், மாதிரி எடுக்க வேண்டும். தேவைப்படுவது பாட்டில்கள், ஐஸ் பெட்டி, தூங்காத இரண்டு பேர்.