கிறிஸ்து பிறப்பும் நன்றியுள்ளமும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நமக்கு ஓய்வு ஏது? அரையாண்டுத் தேர்வு ஒரு பக்கம். குடிலுக்கு வைக்கோலும் களிமண்ணும் சேர்ப்பது மறுபக்கம். தையற்காரரிடம் கொடுத்த புத்தாடை எப்போது வரும் என்ற கவலை வேறு. இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான், இவ்வாண்டு இறைவன் செய்த நன்மைகளை எண்ணிப் பாருங்கள் என்று மறையுரையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் நமக்குச் சொல்லப்படுகிறது. நாமும் எண்ணத் தொடங்குகிறோம். எப்படி எண்ணுவது என்பதைச் சற்றே ஆராய்வோமா?

வழக்கமாக நாம் எண்ணும் முறை இதுதான்: எத்தனையோ பேருக்கு உணவில்லை, நமக்கு இருக்கிறது, எத்தனையோ சிறுமியர் பள்ளிக்கே செல்வதில்லை, நாம் செல்கிறோம், ஆகவே இறைவா, நன்றி. கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் நன்றி சொல்ல வேண்டுமானால் வேறு யாரோ துன்புற்றிருக்க வேண்டும் என்றல்லவா ஆகிறது! நம் அருகில் அமர்ந்திருக்கும் தோழி இவ்வாண்டு தன் தந்தையை இழந்திருக்கலாம். "எனக்கு அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், நன்றி ஆண்டவரே" என்று நாம் உரக்கச் செபித்தால் அவள் உள்ளம் என்ன பாடுபடும்?

புனித லூக்கா நற்செய்தியின் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் நன்றி சொன்ன இருவரைக் காண்கிறோம். 17-ஆம் அதிகாரத்தில், தொழுநோய் நீங்கிய பத்துப் பேருள் ஒருவன் மட்டும், அதுவும் யூதர்கள் அந்நியனாக எண்ணிய சமாரியன், திரும்பி வந்து இயேசுவின் காலடியில் விழுகிறான். 18-ஆம் அதிகாரத்தில், பரிசேயன் கோவிலில் நின்று, தான் மற்றவர்களைப் போலவும் அந்த ஆயக்காரனைப் போலவும் இல்லாததற்காக நன்றி கூறுகிறான். கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. நற்கருணையைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தியா' என்பதும் அதனோடு சேர்ந்த சொல்லே. நன்றி செலுத்துதல் என்பது அதன் பொருள். சொல் ஒன்றாயினும் சமாரியன் பார்த்தது கொடுத்தவரை. பரிசேயன் பார்த்தது அடுத்தவனை. நாம் குடிலின் முன் முழங்காலிடும்போது எங்கே பார்க்கிறோம்?

குடில் என்றதும் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் நினைவுக்கு வருகிறார். 1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் ஊரில், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்பு விழாவைக் கொண்டாடியவர் அவர். அதற்குப் பின் நடந்தது பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய இரண்டாண்டுகளில் கண்நோய் அவரை வாட்டியது. சான் தமியானோவில் படுத்திருந்த அந்நாட்களில் பகல் வெளிச்சத்தையோ இரவில் நெருப்பின் ஒளியையோ அவரால் தாங்க இயலவில்லை. அந்நிலையில்தான், கதிரவனையும் தீயையும் சகோதரர் என்றழைத்து, அவற்றைப் படைத்தவரைப் புகழும் பாடலை இயற்றினார். தம் கண்ணைச் சுட்ட ஒளிக்காகவே இறைவனைப் போற்ற அவருக்கு யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அன்றாடம் பழகுவதற்குப் புனித இஞ்ஞாசியார் ஒரு வழி காட்டியிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், மனச்சான்றைச் சோதிக்க ஐந்து படிகள் உள்ளன. முதற்படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது. குற்றங்களைத் தேடுவது மூன்றாவதாகத்தான் வருகிறது. நாமோ இரவுச் செபத்தில் நேரே குற்றப் பட்டியலுக்கு ஓடிவிடுகிறோம், அல்லது உறங்கிவிடுகிறோம்!

இந்த முதற்படியில் பொருள்களோடு ஆட்களையும் எண்ணிப் பார்க்கலாம். காலையில் உண்ட இட்லிக்கு முந்திய நாளே மாவு அரைத்தவர் யார்? மதிய உணவுப் பாத்திரத்தை மறந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தவர் யார்? கணக்கு விளங்காதபோது மாலையில் தங்கிச் சொல்லிக் கொடுத்த ஆசிரியை? இறைவனின் கொடை பெரும்பாலும் இப்படி ஒருவருடைய கை வழியாகத்தான் வந்து சேருகிறது.

தந்தையை இழந்த அந்தத் தோழிக்கு இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவில் நன்றி சொல்ல வாய் வராவிட்டால், யாரும் அவளை வற்புறுத்த வேண்டாம். சங்கீதங்களில் நன்றிப் பாடல்கள் இருப்பதைப் போலவே புலம்பல்களும் உண்டு; திருச்சபை இரண்டையும் செபமாகவே ஏற்றிருக்கிறது. அவள் அழுதால் நாம் பக்கத்தில் இருப்போம்.

டிசம்பர் 31-ஆம் நாள் இரவு ஆலயத்தில் நன்றி வழிபாடு நடக்கும். அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடுமுறைக்குப் பெட்டி கட்டும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சமையற்கட்டுப் பக்கம் போய்வரலாம். மணியடிக்கும் அண்ணனையும், அதிகாலையில் வகுப்பறைகளைப் பெருக்கும் அம்மாவையும் பார்த்து நன்றி கூறலாம். அவர்கள் பெயர் தெரியாவிட்டால், முதலில் பெயரைக் கேட்டுக்கொள்வோம்.