பழைய தோட்டப் படங்களை வருடும்போது தெளிவு ஏன் கெடுகிறது?

படிவம் 5 மாணவர் ஒருவர், தோட்ட வாழ்க்கை பற்றிய இடுபணிக்காகப் பாட்டியின் பழைய படத்தை வீட்டு அச்சுப்பொறியில் ஸ்கேன் செய்து கொண்டுவந்தார். லயத்து வாசலில் பத்துப் பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு முகமும் தெளிவாக இல்லை. "மெஷின் சரியில்ல சார்" என்றார். மெஷினில் கோளாறே இல்லை. இரண்டு அமைப்புகளை மாற்றி மறுபடி வருடியதும் முகங்கள் தெரிந்தன.

நம் பேராக்கில் இது சின்ன விஷயம் அல்ல. 1950களில் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். தொழிலாளர்களே நிலம் வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் பல லயங்கள் இன்று இல்லை; செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது பிஸ்கட் டின்னில் கிடக்கும் படங்கள்தாம். அதையும் உறவினர் ஒரு நாளைக்குத்தான் இரவல் தருவார். முதல் தடவையே சரியாக வருட வேண்டும்.

1. கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

வெள்ளைத் தாள் ஒன்றை வருடுங்கள். அதிலும் அதே இடத்தில் புள்ளியோ கோடோ விழுந்தால் அழுக்கு கண்ணாடியில். தாள் சுத்தமாக வந்தால் கறை படத்தில்.

அடுத்து, படத்தைத் திருப்பி வைத்து மறுபடி வருடுங்கள். மங்கல் படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் படம் வளைந்திருக்கிறது. மங்கல் கண்ணாடியின் அதே பக்கத்தில் நின்றால் மெஷினைப் பார்க்க வேண்டும்.

2. கண்ணாடி

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லேசாக ஈரமாக்கிய மென்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். தண்ணீரையோ திரவத்தையோ கண்ணாடிமேல் நேராகத் தெளிக்க வேண்டாம். ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

3. வளைந்த படம்

வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றில் இருக்கும் உணரி, கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். படம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே மங்கிவிடும். படத்தின் மேல் வெள்ளைத் தாள் வைத்து, மூடியை மூடி, மேலே ஒரு புத்தகம் வையுங்கள். அழுத்தக் கூடாது, கண்ணாடி உடையும், பழைய படமும் வெடிக்கும். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் மேல்தட்டில் பழைய படத்தை ஒருபோதும் விடாதீர்கள்.

4. அடர்த்தி

பெரும்பாலும் தவறு இங்கேதான். மெஷின் தானாக எடுப்பது ஆவண அமைப்பு. 200 அல்லது 300 டிபிஐ. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. இரண்டரைக்கு மூன்றரை அங்குலப் படத்தை 200இல் வருடினால் கிடைப்பது 500க்கு 700 புள்ளிகள். அதை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கரைந்துதான் போகும். அதே படத்தை 1200இல் வருடினால் 3000க்கு 4200 புள்ளிகள்.

சாதாரண 4ஆர் படத்துக்கு 600 போதும். சின்னப் படத்துக்கு 1200. பெட்டியில் போட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்கள் பெரும்பாலும் மென்பொருள் ஊகித்து நிரப்புபவை. அவற்றால் புதிய விவரம் வராது.

5. மற்ற அமைப்புகள்

'ஆவணம்' என்பதை 'புகைப்படம்' என்று மாற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே வருடுங்கள். கறையும் பழுப்பும் பிரிந்து தெரிவதால் பிறகு திருத்துவது சுலபம். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். 1970களின் வண்ணப் படங்கள் பல சிவந்திருக்கும். அந்தச் சாயம் மங்கியதால் வந்தது, மெஷின் பிழை அல்ல. நாளிதழ்ப் படத்தில் அலை அலையாகக் கோடு வந்தால் 'டீஸ்கிரீன்' என்ற அமைப்பை இயக்குங்கள். புகைப்படத்துக்கு அது வேண்டாம்.

6. சேமிப்பும் அனுப்புவதும்

பிடிஎஃப் வேண்டாம். மூலப்படியை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள்.

சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படம்

நம் ஊர் ஈரப்பதத்தில் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுங்கள்.

இதே வேலையை நிறுவனங்களும் செய்கின்றன. தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு மின்னாக்கம் செய்தது. நம் தோட்டப் படங்களுக்கு நம் மாணவர்களே போதும்.

கடைசியாக, படத்தின் பின்பக்கத்தையும் வருடச் சொல்லுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் அங்கேதான் இருக்கும். படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த விவரத்தை எந்த அமைப்பை மாற்றினாலும் மெஷின் தராது.