‘ஸ்கிரீனிங்’: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

எங்கள் அயல்வீட்டு உம்மா ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கிளினிக்கிலிருந்து கண்ணீரோடு திரும்பினார். “ஸ்கிரீனிங்கில புடிபட்டுட்டன், சேர்” என்றார். இரண்டாம் முறை ஆராய்ந்தபோது நோய் எதுவுமில்லை எனத் தெரிந்தது. இடைப்பட்ட நாள்களில் அவரை வாட்டியது ஒரு சொல்லின் பொருள் விளங்காமையே.

ஆங்கிலத்து ‘ஸ்கிரீன்’ முதலில் நெருப்பின் வெம்மை மேலே படாது தடுக்கும் தட்டியைக் குறித்தது. பௌதிகவியலார் இப்பொருளை இன்றும் ஆள்வர். சோடிய அணுவின் கருவில் 11 நேரேற்றங்கள் உள. எனினும், உள்ளிருக்கும் 10 இலத்திரன்கள் தட்டிபோல் இடைநிற்றலால், புறத்தேயுள்ள ஒற்றை இலத்திரனை அக்கரு இறுகப் பற்றமாட்டாது. தொலைக்காட்சி அன்ரனாக் கம்பியினுள் இருக்கும் உலோகப் பின்னலும் அயல் மின்குழப்பம் புகாது காக்கும் தட்டியே.

மறைத்த தட்டி பின்னர்ப் படங்காட்டும் திரையாயிற்று. எக்ஸ்கதிர் பட்டு ஒளிரும் திரையில் உடலின் உட்புறத்தைப் பார்ப்பதையும் மருத்துவர் ‘ஸ்கிரீனிங்’ என்றனர்.

மூன்றாம் பொருள் சல்லடை. கட்டட வேலையில் மணலையும் கல்லையும் அரித்துப் பருமன்வாரியாகப் பிரிப்பர். நம்மூர் ஆலைகளில் நெல்லைச் சலித்துக் கல்லையும் வைக்கோலையும் நீக்குவர். நோய்க்குறி எதுவுமில்லாதாரை மருத்துவர் சோதிப்பதும் இத்தகையதே. இலங்கையில் 1996 ஆம் ஆண்டு பெண்களுக்கெனத் தொடங்கிய சுகநலக் கிளினிக்குகளில், 35 வயதுப் பெண்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் உளவா எனப் பார்ப்பது இவ்வகையினது.

ஒரு கணக்கைக் கொள்வோம். 1000 பேரில் 10 பேருக்கு நோயுண்டு. சோதனை அவர்களுள் 9 பேரைப் பிடிக்கின்றது. நோயற்ற 990 பேரில் நூற்றுக்கு ஐவர் வீதம், ஏறத்தாழ 50 பேரையும் தவறாக நிறுத்துகின்றது. நிறுத்தப்பட்ட 59 பேரில் நோயாளர் 9 பேரே! ஆதலின் ‘பிடிபட்டார்’ என்பதற்கு ‘இன்னும் ஆராயப்பட வேண்டியவர்’ என்பதே பொருள். தப்பிச்சென்ற அந்த ஒருவரையும் மறத்தலாகாது. சோதனையில் குறையில்லை எனக் கேட்டவரும், பின்னர் உடலிற் குறி தோன்றின் மருத்துவரிடம் செல்லவே வேண்டும்.

இதனைத் ‘திரையிடல்’ எனப் பெயர்த்தால் சினிமா நினைவுக்கு வரும். ‘சலிப்பு’ என்றால் மனச்சோர்வாகிவிடும். ‘பரிசோதனை’ என்பதோ இரண்டாம் ஆய்வுக்கும் பொதுவாய் நிற்கும். ‘முன்தெரிவுச் சோதனை’ எனலாம் என்பது என் கருத்து. மருத்துவராகவும் தாதியராகவும் பணிபுரியும் பழைய மாணவர்கள் எச்சொல்லை வழங்கினும் சரியே; எதிரே அமர்ந்திருக்கும் தாய்க்குச் சல்லடையின் கதையைச் சொல்லிவிட்டு வழங்குவார்களாக.