செல்போனில் அபராதச் செய்தி வந்தால்...



நம் கடப்பாக்கம் பக்கம் மீன் கூடையும் துணி மூட்டையும் இப்போது ஸ்கூட்டரில்தான் போகிறது. 2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்திலும், குழுக் கடனிலும் வண்டி வாங்கிய பெண்கள் நம்மிடையே உண்டு. வண்டி நம் பேரில் இருந்தால், ஓட்டியது மகனோ வீட்டுக்காரரோ, கேமராவில் சிக்கும் அபராதச் சலான் நமக்குத்தான் வரும்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் கூடின. ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ரூபாய் ஆனது. மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினருக்கு அது பத்து மாதச் சேமிப்பு! தப்பு செய்திருந்தால் கட்டத்தான் வேண்டும். செய்யாத தப்புக்கு, 'எதுக்கு வம்பு'ன்னு கட்ட வேண்டியதில்லை.

செய்தி நிஜமா?

அபராதம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏதாவது ஆப் வந்தால் தொடாதீர்கள். தொட்டால் வங்கிப் பணம் போய்விடும். போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். நிஜ சலானா என்பதை அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம். தெரியாதவர்கள் இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

கேமரா அபராதத்துக்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அதன்படி தப்பைக் காட்டும் படம், நம்பர் பிளேட், இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும். தப்பு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 விதி சொன்னது. படத்தில் இருப்பது நம் வண்டிதானா? கலர், மாடல், நம்பரின் ஒவ்வொரு எழுத்தும் பாருங்கள்.

தப்பான சலான் என்றால்?

1. ஆர்.சி. நகல், நம் வண்டியின் போட்டோ, அன்று வண்டி மெக்கானிக் கடையில் நின்றிருந்தால் அந்த பில் எல்லாம் எடுத்து வையுங்கள்.

2. சலானில் உள்ள கெடுவுக்குள் அதே தளத்தில் புகார் பதியுங்கள். சலான் போட்ட போலீசாரிடமும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

3. அதிலும் தீராவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம். லண்டனில் பார்க்கிங் போன்ற அபராதங்களுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. நமக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்தான். பேரூராட்சி ஆபீசுக்கு அலைவதில் பயனில்லை.

வக்கீலுக்குக் காசு?

1987-ம் வருட சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100-க்கும் பேசலாம்.

ஒன்று மறக்காதீர்கள். வண்டியை விற்றால் கையோடு பெயர் மாற்றி விடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் செய்யும் தப்புக்கும் சலான் நமக்கே வரும். சலானைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் கோர்ட்டுக்குப் போகலாம், ஆர்.டி.ஓ. வேலைகள் தடைபடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். பணம் கட்டும் முன் படத்தைப் பார்ப்போம்!