கரிசல் மண்ணில் பந்து துள்ளினால், கணக்கு என்ன சொல்லும்?

பிராட் பிட் நடித்த ‘மணிபால்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அமெரிக்க பேஸ்பாலில் ஓக்லாண்ட் அணியிடம் பணம் குறைவு. ஆளின் உடல்வாகையும் ஸ்டைலையும் பார்த்தே வீரர்களை எடுத்துவந்த பழைய ஆட்களை ஓரங்கட்டிய மேலாளர் பில்லி பீன், கணக்கைக் கையில் எடுத்தார். அடித்து ஓடினாலும் சரி, எதிராளி தப்பாக வீசியதால் நடந்தே போனாலும் சரி, ஒருவர் எத்தனை முறை அவுட்டாகாமல் முதல் தளத்தை அடைகிறார்? 2002-ல் அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது!

பேஸ்பாலில் இது எளிது. ஒவ்வொரு வீச்சும் தனி நிகழ்வு, குறித்து வைக்கலாம். கிரிக்கெட்டும் அப்படித்தான். ஐபிஎல் ஏலத்தில் மேஜைக்கு மேஜை லேப்டாப் இருப்பது சும்மாவா?

ஹாக்கி வேறு ரகம். ஆட்டம் நிற்காது. இந்திய வீரர்கள் அணியும் ஜிபிஎஸ் பனியன், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடும். பந்தே இல்லாமல் ஓடி, எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தன் பின்னால் இழுத்துப்போன புத்திசாலித்தனம் அந்தக் கணக்கில் வராது.

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி, ஹாக்கி ஊரும்கூட. இங்குள்ள அரசுப் பயிற்சி மையத்தில் வளர்ந்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்தி ஒரு கோல் அடித்தார். இந்தியாவுக்கு வெண்கலம்.

அடுத்த கார்த்தி எங்கே இருக்கிறார்? பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கம் கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையில் ஆடும் பையனாகவும் இருக்கலாம். அங்கே பந்து எப்படித் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பந்தில் நாலை விட்டால், காகிதத்தில் அவன் சுமார் ஆட்டக்காரன். அந்தத் தரையில் ஆறைப் பிடித்ததே பெரிசு என்பது, அதே மண்ணில் ஆடிய பயிற்சியாளருக்குத்தான் உறைக்கும். செயற்கைப் புல்தரையில் நாலு நாள் விட்டுப் பார்ப்போம் என்று அவர்தான் சொல்வார்.

ஆனால், அந்த ஒரு ஜோடிக் கண் எத்தனை ஊருக்குப் போகும்? பள்ளி ஆட்டங்களை ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பதிவு செய்ய பெரிய செலவில்லை. அமெரிக்க அணிகளும் அனுபவசாலிகளை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கம்ப்யூட்டர் ஒரு பெயரைக் காட்டினாலும், மைதானத்துக்குப் போய் அந்தப் பையனைப் பார்த்துவர இன்றும் ஆள் அனுப்புகிறார்கள்.