சத்தமும் இல்லை, எர்ரரும் இல்லை!

சவுண்ட் ஹார்ட்வேரில் கோளாறு ஏற்பட்டால் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது யார்?

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தை ஒட்டிய வீடு. அந்த வீட்டுப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான். மறுநாள் காலை அவனுக்கு இணையம் வழியாக வேலைக்கான நேர்முகத் தேர்வு. லேப்டாப்பிலோ இரண்டு நாட்களாகச் சத்தம் வரவில்லை. "மதர்போர்டில் சவுண்ட் பகுதி போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும்" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். சொன்ன தொகையைக் கேட்டு அவனுடைய அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். பாட்டை ஓடவிட்டால் பிளேயரில் நேரம் நகர்கிறது, ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், 'திஸ் டிவைஸ் இஸ் வொர்க்கிங் ப்ராப்பர்லி' என்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஆனால் சத்தம் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா?

இல்லை. தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைப் புரிந்துகொண்டால் வீண் செலவையும் பதற்றத்தையும் தவிர்க்கலாம்.

செய்தி வரும் வழி

பாட்டு, சினிமா, இணைய வகுப்பு எதுவானாலும் அந்த அப்ளிகேஷன் நேரடியாக ஸ்பீக்கருடன் பேசுவதில்லை. ஒலியை விண்டோஸின் ஆடியோ சர்வீஸிடம் கொடுக்கிறது. சர்வீஸ் அதை ஆடியோ டிரைவரிடம் தருகிறது. டிரைவர் சவுண்ட் சிப்பை இயக்குகிறது. கோளாறு பற்றிய தகவல் இதே வழியில் தலைகீழாக வர வேண்டும். சிப் டிரைவருக்கும், டிரைவர் விண்டோஸுக்கும், விண்டோஸ் அப்ளிகேஷனுக்கும் சொல்ல வேண்டும். அப்ளிகேஷன்தான் கடைசியாக உங்களிடம் சொல்லும். நடுவில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

2001ல் வந்த எக்ஸ்பியில் பல ஒலிகளைக் கலந்து தரும் வேலை விண்டோஸின் உட்கருவான கெர்னலிலேயே நடந்தது. அங்கே ஏற்படும் பிழை மொத்தக் கம்ப்யூட்டரையும் நீலத் திரையில் நிறுத்திவிடலாம். 2007ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவந்தனர். இன்றைய விண்டோஸ் 11லும் இதே அமைப்புதான்.

சொல்லத் தெரிந்த கோளாறுகள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். அதில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' பிரிவை விரித்து, உங்கள் ஆடியோ டிவைஸில் டபுள் கிளிக் செய்யவும். ஜெனரல் டேபில் டிவைஸ் ஸ்டேட்டஸ் கிடைக்கும். அதில் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட் 10: டிவைஸை ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. டிரைவர் பொருந்தாமலோ ஹார்ட்வேர் பதில் தராமலோ இருக்கலாம்.

கோட் 22: டிவைஸ் டிஸேபிள் செய்யப்பட்டுள்ளது. ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும்.

கோட் 28: டிரைவர் இன்ஸ்டால் செய்யப்படவில்லை. லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். 'எல்லா டிரைவரையும் அப்டேட் செய்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்கள் வேண்டாம்.

கோட் 43: டிவைஸே தன்னிடம் கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 

சில அப்ளிகேஷன்களும் எண்ணைக் காட்டும். 88890004 என்று முடிந்தால், பயன்பாட்டில் இருந்த ஆடியோ டிவைஸ் நடுவில் காணாமல் போய்விட்டது என்று பொருள். யு.எஸ்.பி. ஹெட்செட்டைப் பாதியில் பிடுங்கினால் இது வரலாம். 8889000ஏ என்றால் வேறொரு புரோகிராம் அந்த டிவைஸைத் தனக்கு மட்டும் என்று பிடித்து வைத்திருக்கிறது.

நன்றாக எழுதப்பட்ட அப்ளிகேஷன் இந்தத் தகவல் வந்ததும் வேறு டிவைஸைத் தேடித் திறக்கும். அலட்சியமாக எழுதப்பட்டது கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மூடித் திறந்தால் சத்தம் வந்துவிடுவதன் காரணம் இதுதான். அப்போதுதான் அது டிவைஸைப் புதிதாகத் தேடுகிறது.

சொல்லத் தெரியாத கோளாறுகள்

'வொர்க்கிங் ப்ராப்பர்லி' என்பதன் பொருள், டிரைவர் ஏறிவிட்டது, புகார் எதுவும் வரவில்லை என்பது மட்டுமே. உங்கள் காதில் சத்தம் விழுகிறதா என்று விண்டோஸ் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆடியோ ஜாக்கில் செருகும் டேபிள் ஸ்பீக்கருக்குக் கரன்ட் இல்லாவிட்டாலும் அதன் உள் ஒயர் அறுந்திருந்தாலும் டிரைவருக்குத் தெரிய வழியில்லை. யு.எஸ்.பி. ஹெட்செட் அப்படியல்ல. அதற்குத் தனியே ஓர் அடையாளம் இருப்பதால், கழற்றிய உடனே விண்டோஸுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அதுதான் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக். 2004ல் இன்டெல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோ முறையில், ஜாக்கில் பிளக் செருகப்பட்டதா என்பதைச் சிப் கண்டுபிடித்து டிரைவருக்குச் சொல்லும். பொதுவாக ஜாக்கின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சுவிட்ச்தான் இதற்கு ஆதாரம். ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கர் தானாக நிற்பது இதனால்தான். அந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், இல்லாத ஹெட்போன் இருப்பதாகவே சிப் சொல்லும், டிரைவரும் நம்பும். இது எர்ரர் அல்ல, தவறான செய்தி. அதனால் எந்தக் கோடும் வராது.

கடற்கரை வீடுகளில்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் வசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடல் காற்றில் வரும் உப்புத் துகள்கள் ஜாக்கின் உலோகத்தில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும். மாமல்லபுரத்தில் கல் தூசியும் சேர்ந்துகொள்கிறது.

நீங்களே செய்யும் சோதனை

1. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று அவுட்புட்டில் எது தேர்வாகி உள்ளது என்று பாருங்கள். எதுவும் செருகாதபோது ஹெட்போன் என்று காட்டினால் ஜாக்கைச் சந்தேகியுங்கள். சில லேப்டாப்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும்.

2. புளூடூத் அல்லது யு.எஸ்.பி. ஹெட்செட்டை இணைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் அப்ளிகேஷனும் விண்டோஸும் சரி.

3. சாதாரண ஹெட்போனை ஜாக்கில் செருகுங்கள். அதில் தெளிவாகக் கேட்டால் சவுண்ட் சிப் உயிருடன் இருக்கிறது. ஜாக்கில் அல்லது ஸ்பீக்கரில்தான் பிரச்னை.

4. உங்கள் குரல் எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால், செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோபோன் சென்று அப்ளிகேஷனுக்கு அனுமதி இருக்கிறதா எனப் பாருங்கள்.

ஜாக்கைச் சுத்தம் செய்யும் முன் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பழைய ஹெட்போன் பிளக்கில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி, பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். நன்கு உலர்ந்த பின்னரே ஆன் செய்யுங்கள். ஆல்கஹாலை உள்ளே ஊற்றக் கூடாது. ஊசி, ஹேர்பின் எதுவும் விடக் கூடாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ளிட்ட லினக்ஸ்களில் ஆடியோ வேலையை அல்சா என்ற பகுதி பார்க்கிறது. 2003 டிசம்பரில் வெளியான கெர்னல் 2.6 முதல் இது இடம்பெற்றுள்ளது. அப்ளிகேஷன் உரிய நேரத்தில் ஒலியைத் தராவிட்டால் 'அண்டர்ரன்' என்ற எர்ரரை அல்சா திருப்பி அனுப்பும். உங்கள் காதில் அது 'கரகர' என்று விழும். பெரும்பாலும் ஹார்ட்வேர் கோளாறு அல்ல, கம்ப்யூட்டருக்கு வேலைப்பளு அதிகம் என்றுதான் பொருள்.

மாமல்லபுரம் லேப்டாப்புக்கு வருவோம். அவுட்புட்டில் ஹெட்போன் என்று இருந்தது. ஜாக்கில் எதுவும் இல்லை. ஹெட்போனைச் செருகினேன், பாட்டு துல்லியமாகக் கேட்டது. சிப் சாகவில்லை, போர்டை மாற்ற வேண்டியதில்லை! மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டே தேர்வை முடித்தான். பிறகு ஜாக்கைச் சுத்தம் செய்ததும் ஸ்பீக்கர் பேசியது. ஐப்பசி மழையில் மறுபடி மக்கர் செய்தபோது, ஒரு மெக்கானிக்கிடம் ஜாக்கை மட்டும் மாற்றிக்கொண்டான்.

அடுத்த முறை கடைக்குப் போகும் முன் இந்த நான்கு சோதனைகளைச் செய்து, விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "போர்டு போய்விட்டது" என்று சொன்னால், "ஹெட்போனில் கேட்கிறதே, எப்படி?" என்று கேளுங்கள்.