குழந்தைகளின் சரிவுதான் முதலில் காய்கிறது

ஜனவரி பிறந்ததும் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். கொடைக்கானல் ஏரியை ஒட்டிய புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும்; படத்துக்குக் கீழே ‘மினி காஷ்மீர்’ என்று எழுதியிருப்பார்கள். பழனி மலைத்தொடரைத் தெற்கே வைத்துக்கொண்டு வாழும் கீரனூர் போன்ற சமவெளி ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தால் எழும் கேள்வி நியாயமானது: இத்தனை குளிரடிக்கும் மலையில் ஏன் பனி பொழிவதே இல்லை? விடை உயரத்தில் மட்டும் இல்லை. கீரனூர்ப் பக்கத்துச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டரில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டரில். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பதால், நாம் இங்கே 25 டிகிரியில் இருக்கும்போது அங்கே 13 டிகிரி இருக்கலாம். பூஜ்ஜியத்துக்கு அது போதாது. மிச்சக் குளிரைத் தருவது மேகமில்லாத, காற்றசையாத இரவு. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது, புல்நுனியை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு மட்டும் உறைநிலைக்குக் கீழே போகிறது. அதுதான் உறைபனி. மேகம் கூடிவிட்டால் தரை இழந்த வெப்பத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும், உறைபனி இருக்காது. ஆக, கொடைக்கானலில் குளிர்ந்த இரவில் மேகம் இல்லை, மேகம் வந்த இரவில் அந்தக் குளிர் இல்லை. பனி பொழிய இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். நம் அட்சரேகையில் காற்று மண்டலம் பூஜ்ஜிய டிகிரியைத் தொடுவது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அவ்வப்போது ஊட்டியில் ‘பனி கொட்டியது’ என்று பரவும் காணொளிகளில் இருப்பது ஆலங்கட்டி. இடிமேகம் மேலிருந்து கொண்டுவந்து போடும் சரக்கு அது.

குளிரும் ஈரமும் ஒன்றாக வந்து சேரும் இடத்துக்குக் காஷ்மீரின் குல்மார்க் நல்ல உதாரணம். அதன் கிண்ணம் போன்ற புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிட 550 மீட்டர்தான் அதிகம், ஆனைமுடியைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் அது வடக்கே 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கு மேலைக்காற்றில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்ற தாழ்வுப் பகுதிகள் அங்கே வந்து மலையில் மோதுகின்றன. ஈரம் வரும் நேரத்தில் காற்றும் உறைநிலைக்குக் கீழே இருப்பதால் அது பனியாக இறங்குகிறது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். அந்த நாட்களில் விழும் பனிதான் அதிக நாள் நிற்கும் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. இயற்பியலும் அதையே சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளிர் தானாக ஆண்டுதோறும் வந்துவிடும். இடையூறு வருமா, எத்தனை வரும், எந்த வாரத்தில் வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் குளிர் இருந்தது, பனி இல்லை. மாதக் கடைசி வரை பழுப்பு நிறப் புல்லைத்தான் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. பனிச்சறுக்குத் தலத்தில் குழந்தைக்கும் புதியவருக்கும் ஏற்ற சரிவு பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இருக்கும். அங்கேதான் நிலம் சாய்வு குறைந்து 6 முதல் 10 டிகிரிக்குள் படுத்திருக்கும். தங்குமிடம், மருத்துவ உதவி, பயிற்சியாளர் எல்லாம் அருகில். குல்மார்க்கில் கோடையில் கோல்ஃப் ஆடும் மைதானமே குளிர்காலத்தில் பழகுசரிவாகிறது. அதற்கு மேலே கொண்டோலா என்ற ரோப் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. பழனியில் ரோப் கார் ஏறியவர்களுக்கு அமைப்பு புதிதல்ல, உயரம்தான் மலைக்க வைக்கும்: 1998-இல் திறந்த முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கோங்டூரிக்கு, 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 3,980 மீட்டரில் அஃபர்வட் மலைத்தோளுக்கு. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு சுமார் 150 மீட்டர் மேலே ஏறும். மேலே சொன்ன 6.5 டிகிரிக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் எண் இது. இரண்டு டிகிரி கூடினால் 300 மீட்டர். அஃபர்வட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடிவாரத்துக்கும் கோங்டூரிக்கும் இடையே இருப்பதே 430 மீட்டர்தான். முன்பு பனியாக விழுந்த நாட்களில் ஒரு பங்கு மழையாகிவிடும். அந்த மழை ஏற்கெனவே கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு போகும். அனுபவசாலிகள் சறுக்கும் உயரம் தப்பிக்கிறது, ஐந்து வயதுப் பிள்ளை முதல் தடவை நிற்கப் பழகும் சரிவு காய்கிறது.

அடிவாரப் பனியின் அளவு மட்டுமல்ல, தரமும் கெடுகிறது. சறுக்குப்பலகை வழுக்குவதற்குக் காரணம் அதன் அடியில் உராய்வால் உண்டாகும் மிக மெல்லிய நீர்ப்படலம் என்பதை 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலையில் செய்த சோதனைகளோடு எடுத்துக்காட்டினார்கள். பிற்கால ஆய்வுகள் இந்த விளக்கத்தை மேலும் நுட்பமாக்கிவிட்டன என்றாலும் நடைமுறை விளைவு மாறவில்லை. பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே பனி இருக்கும்போது பலகை ஒரே சீராக ஓடும். மிகக் கடுங்குளிரில் படலம் உண்டாகாமல் மணலில் இழுப்பதுபோல ஆகும். பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டாலோ நீர் மிகுந்து பலகையைப் பிடித்து இழுக்கும். புதிதாக விழுந்த பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோவை ஒட்டி அல்லது அதற்கும் கீழே. இயந்திரம் ஓட்டி அழுத்திச் சமன்செய்த சரிவில் 400 கிலோவுக்கு மேல். பழகுகிறவருக்கு வேண்டியது இந்த அழுத்திய பனி. முழங்கால் புதையும் பொடிப்பனி விளம்பரப் படத்துக்கு அழகாக இருக்கும், புதியவர் காலை மடக்கிவிடும். பகலில் உருகி இரவில் உறையும் மெலிந்த பனியோ காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும், மதியம் சேறாகிவிடும். பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் சாய்வால் அல்ல, இப்படிப்பட்ட தரையால் என்பதே என் கணிப்பு.

ஓரிரு மோசமான ஆண்டுகளை வைத்துக்கொண்டு இத்தனை பேசலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 ஜனவரி வறட்சிக்கு எல் நினோவின் பங்கை வானிலைத் துறையினரே குறிப்பிட்டார்கள். எல் நினோ போனால் நிலைமை திரும்பும் என்று எதிர்பார்ப்பது தவறில்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் எல் நினோ இல்லை, குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22 முதல் 25 வரை நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9-இல்தான் தொடங்கின. காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் என்ற மலை ஆய்வு நிறுவனம், இந்துகுஷ் இமயமலைப் பகுதி முழுவதிலும் பனி தரையில் தங்கும் அளவு அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைந்தது என்றும், 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு என்றும், தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் குறைகிறது என்றும் கணக்கிட்டது. ஐரோப்பாவில் 2,234 பனிச்சறுக்குத் தலங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியாகப் பேசுகிறது: உலக வெப்பம் 2 டிகிரி கூடினால் அவற்றில் 53 விழுக்காட்டுக்கும், 4 டிகிரி கூடினால் 98 விழுக்காட்டுக்கும் பனிப் பற்றாக்குறையின் மிகக் கடுமையான அபாயம் உண்டு. இமயமலையில் இதே நுணுக்கத்தோடு தலம் தலமாகக் கணக்கெடுக்க நம்மிடம் அத்தனை தலங்கள் இல்லை. உயரமும் வெப்பமும் பற்றிய கணக்கு மட்டும் ஆல்ப்ஸுக்கு ஒன்று, அஃபர்வட்டுக்கு ஒன்று என்று மாறப்போவதில்லை.

மேலே சொன்ன எண்கள் இயந்திரப் பனி இல்லாத நிலைக்கானவை என்று விவரமறிந்தவர்கள் மறுப்பார்கள். உண்மைதான். சரிவுகளில் பாதிக்கு இயந்திரப் பனி போட்டால் 53 என்பது 27 ஆகவும், 98 என்பது 71 ஆகவும் குறைவதாக அதே ஆய்வு சொல்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கே கிட்டத்தட்ட முழுதும் இயந்திரப் பனியில்தான் நடந்தது. ஆனால் இயந்திரத்துக்கும் இயற்கையின் அனுமதி வேண்டும். பீய்ச்சிய நீர்த்துளி தரையில் விழுமுன் உறைய, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும். காற்று வறண்டிருந்தால் ஆவியாதலின் குளிர்ச்சி கைகொடுக்கும். ஈரமாக இருந்தால் சாதாரண வெப்பமானி பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே காட்டினாலும் பயனில்லை. பிறகு தண்ணீர்: ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் பனி விரிக்க ஏறக்குறைய 13 லட்சம் லிட்டர் தேவை. அதை மேலேற்ற மின்சாரம், தேக்கக் குளம். உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் குளமும் பனி இயந்திரங்களும் வைத்தார்கள். அப்படியிருந்தும் 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த போட்டிகள் பனியில்லாமல் ரத்தாயின. அதற்கு முந்தைய மாதம்தான் கீழே ஜோஷிமத் நகரத்தின் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் கண்டன. ஜோஷிமத்–அவுலி ரோப் காரும் நிறுத்தப்பட்டது. ஆட்டம் கண்ட மலையில் லட்சம் லிட்டர் கணக்கில் தண்ணீரைத் தேக்கலாமா என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல. துபாயில் ஒரு பேரங்காடிக்குள் 2005-இலிருந்து இயங்கும் ‘ஸ்கி துபாய்’ போல் கூரைக்குக் கீழே பனி செய்யலாம். வளைகுடாவில் இருக்கும் நம்மவர் பிள்ளைகள் பலர் பனியை முதலில் தொட்டது அங்கேதான். பாலைவனத்தில் ஒரு மலைச்சரிவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மறுப்பு எளிமையானது: கீழே பனி இல்லையென்றால் மேலே போகலாமே. சிலர் போகவும் செய்கிறார்கள். கோங்டூரி வரை போய்ப் பனியைத் தொட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை. சறுக்கக் கற்றுக்கொள்ள அஃபர்வட்டுக்குப் போவது வேறு கதை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் கிளம்பும். அடிவாரப் பழகுசரிவில் தானாகக் கிளம்பாது, மேலே அந்தச் சாய்வு நிறைய உண்டு. பனி குறைந்த ஆண்டுகளில் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது இயல்பு. பல நேரங்களில் நடப்பது தலைகீழ். மெல்லிய பனிப்போர்வையின் அடி, தரையின் வெப்பத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டியும், மேல்புறம் தெளிந்த இரவில் மைனஸ் 15 டிகிரியிலும் இருக்கும். சில அங்குலத்துக்குள் இத்தனை வேறுபாடு இருந்தால் நீராவி அடியிலிருந்து மேலே நகர்ந்து, அடிப்படிகங்கள் பிடிப்பில்லாத பருமணிகளாகிவிடும். வாரக்கணக்கில் வறண்ட பிறகு ஒரு பெரும்பனி அதன்மேல் வந்து உட்கார்ந்தால், பாரம் முழுவதும் அந்த உதிரி அடுக்கின் மேல். 2024-இல் வறண்ட ஜனவரியை அடுத்துப் பிப்ரவரியில் கனத்த பனி விழுந்தது. 22-ஆம் தேதி குல்மார்க்கின் மேல்சரிவில் ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 1-இல் அஃபர்வட் சரிவில் போலந்துக்காரர் இருவர். மூவரும் குழந்தைகளோடு பழக வந்தவர்கள் அல்ல, தடம் பதிக்காத சரிவில் சறுக்கும் ஆர்வலர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது இரண்டு முறை: அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் கடைசி வாரம், பிறகு ஏப்ரல், மே. டிசம்பர் கடைசியில் சில்லை கலான் அப்போதுதான் தொடங்கியிருக்கும், அடிவாரப் பனி கெட்டிப்பட்டிருக்காது. மே மாதம் அஃபர்வட் உச்சியில் மட்டும் ஈரப்பனி மிஞ்சியிருக்கும். பழகுசரிவு உருப்படியாக இருக்கும் வாய்ப்பு அதிகமுள்ள காலம் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. அது பள்ளிக்கூடம் முழு வேகத்தில் நடக்கும் நேரம். அதனால் ஏஜென்சிகள் நம்மிடம் விற்கும் ‘கிறிஸ்துமஸ் பனிச்சறுக்கு’ப் பயணம், பனிப்பொழிவுக் கணக்கைவிட நம் விடுமுறைக் கணக்கைப் பார்த்துப் போட்டது என்று கொள்வதே சரி. வெறும் வெண்மையைப் பார்க்கத்தான் ஆசை என்றால், ஜனவரியில் மேகமில்லாத ஒரு விடியலில், சூரியன் ஏறும் முன் கொடைக்கானலின் பள்ளமான புல்வெளி எதற்காவது போனால் போதும். சறுக்கத்தான் வேண்டும் என்றால், பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு சொல்லுங்கள். சமவெளியிலிருந்து போகும் பிள்ளைகளை முதல் நாள் 1,600 மீட்டரைத் தொடாத ஸ்ரீநகரில் ஓய்வெடுக்க வையுங்கள். புதுப்பனி வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அடிக்கும் என்பதால் கண்ணாடி இல்லாமல் சரிவில் இறக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தரும் எச்சரிக்கையையும் பாருங்கள். ஏஜென்சியிடம் அஃபர்வட்டில் எத்தனை அடி பனி என்று கேட்க வேண்டாம். கோல்ஃப் மைதானத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள்.